வவுனியாவில் இருந்து மிகிந்தலை: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரே நாளில் போய்வர முடியுமா?

பூந்தோட்டத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் ஒரு நாள் அம்மாவையும் என் இரண்டு பிள்ளைகளையும், அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பௌத்த மலைத்தலமான மிகிந்தலைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். காலையில் வவுனியாவில் இருந்து வெளிக்கிட்டு, பொழுதுபடுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. இடது முழங்கால் சரியில்லை. ஆனால் கேட்டதே அவர்தான். கண்டிப் பக்கம் பஸ்ஸில் போன காலங்களில், மரங்களுக்கு மேலே அந்த வெள்ளைத் தாதுகோபம் தெரியும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாராம். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. சண்டைக் காலத்தில் மதவாச்சியில் எல்லோரையும் இறக்கி, பொதிகளை அவிழ்த்துப் பார்த்து, திரும்ப ஏற்றி அனுப்பும்போது மலை பார்க்கிற மனநிலை யாருக்கு இருந்தது? இப்போது கேட்கிறார், கூட்டிப்போக வேண்டும்.

படிகள் 1840 என்கிறார்கள். அதை நினைத்துத்தான் பயம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குருமன்காடு

தங்கச்சி, வழி சுலபம். மிகிந்தலை ஏ9 வீதியிலேயே இருக்கிறது. ஈரற்பெரியகுளம், மதவாச்சி, ரம்பேவ, அடுத்தது மிகிந்தலை. வவுனியாவில் இருந்து 50 கிலோமீற்றர் அளவுதான். பஸ் என்றால் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். அநுராதபுரம் பஸ்ஸில் ஏறினால் அது ரம்பேவயில் பிரிந்து போய்விடும், நீங்கள் அநுராதபுரம் வரை போய் அங்கிருந்து கிழக்கே 12, 13 கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும். பலர் விடுகிற பிழை இது.

ஆனால் அம்மாவோடு போவதென்றால் வான் அல்லது ஓட்டோ பிடியுங்கள். காரணம் காசோ சொகுசோ இல்லை. மலையின் பாதி உயரம் வரை வாகனம் ஏறும் பாதை இருக்கிறது. அதில் போனால் படிகளில் பெரும்பகுதி மிச்சம். தானசாலை இருக்கும் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். அதற்கு மேலே உள்ள படிக்கட்டு மட்டும்தான் ஏற வேண்டியது.

செட்டிகுளம் நேர்ஸ்

அக்கா, முழங்கால் பற்றி ஒரு விஷயம். ஏறும்போது மூச்சு வாங்கும், எல்லோரும் அதைத்தான் கவனிப்பார்கள். முழங்காலுக்கு உண்மையான சுமை வருவது இறங்கும்போது. அம்மா மேலே போய்விட்டால் சமாளித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், இறங்குவதற்குப் பலம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஒரு பொல்லு கட்டாயம். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள், ஏறும்போது நல்ல காலை முதலில். 20 படிக்கு ஒருதரம் நின்றாலும் பரவாயில்லை. அவர் "காணும்" என்றால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள்.

வரலாறு படிப்பிக்கிறவர்

நான் உயர்தர வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன், பிள்ளைகளை நாலைந்து தடவை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: மலை உச்சியில் தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் நேரே மேலே ஓடி, பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஒரு மலை முழுக்க மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. சாப்பிட்டார்கள், நோயில் கிடந்தார்கள், கணக்கு எழுதினார்கள். அதைப் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்தது.

முதலில் அடிவாரத்தில் உள்ள மருத்துவமனை இடிபாடு. 9ஆம் நூற்றாண்டில், இரண்டாம் சேன மன்னன் காலத்தைச் சேர்ந்தது. நடுவில் முற்றம், சுற்றிவரச் சிறு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு நோயாளிக்கு. எல்லா அறைக்கும் விறாந்தை. வெளிப்பக்கத்தில் மருந்து அரைக்கிற, காய்ச்சுகிற இடம். மனித உடலின் வடிவத்தில் குடைந்த ஒரு கல்தொட்டி இருக்கிறது. மூலிகை எண்ணெயிலோ கஷாயத்திலோ நோயாளியைக் கிடத்துவதற்கு. பிள்ளைகள் அதைப் பார்த்தால் மறக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அங்கே ஏற்றம் எதுவும் இல்லை.

பிறகு வாகனத்தில் மேலே தானசாலைக்குப் போங்கள். பிக்குகளின் சாப்பாட்டு மண்டபம். சோற்றுக்கு ஒரு கல்தொட்டி, கஞ்சிக்கு ஒரு கல்தொட்டி. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு கட்டட வாசலின் இரு மருங்கிலும் இரண்டு பெரிய கற்பலகைகள் நிற்கும். 956 முதல் 972 வரை ஆண்ட நான்காம் மிகிந்து மன்னனின் கல்வெட்டு. எல்லோரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள், எனக்கு மலையிலேயே பெறுமதியானது அதுதான். பிக்குகள் விடியற்காலையில் எழுந்து தியானம் செய்து, பல் துலக்கி, ஓதி முடித்துத்தான் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரவேண்டும் என்று அதில் இருக்கிறது. குயவர், வைத்தியர், ஓவியர் என்று வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் என்ன கொடுப்பனவு, எந்த நிலம் என்று இருக்கிறது. அட்டை விட்டு இரத்தம் எடுக்கிற வைத்தியருக்குக்கூடப் பங்கு எழுதியிருக்கிறார்கள். செலவை நாளாந்தம் பதிய வேண்டும், மாத முடிவில் தொகுக்க வேண்டும், ஆண்டு முடிவில் சங்கத்தின் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்கு முறை இது. எங்களுடைய கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் யாப்பை வாசிப்பது போல இருக்கும்.

நெடுங்கேணி

நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். இந்த இழையை வாசிக்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெடுக்குநாறி மலைக்கு நாங்கள் எங்கள் ஆதி சிவனைக் கும்பிடப் போவதே எவ்வளவு பாடு என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கோயிலா விகாரையா என்று இழுபறிப்படுகிற குருந்தூர் மலை பற்றியும் தெரியும். அப்படியிருக்க, நாங்கள் வான் பிடித்து விகாரை பார்க்கப் போகிறோமா? யாரையும் தடுக்கவில்லை. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பூந்தோட்டத்தாள்

அண்ணா, மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. நீங்கள் சொல்வது எனக்கும் தெரியாததில்லை. எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், எல்லாம் விட்டுவிட்டு வந்து இங்கே இருக்கிறோம். ஆனால் அம்மா கேட்கிறது அந்த மலையைப் பார்க்க. அதை நான் வேறு எதோடும் சேர்த்து நிறுக்க விரும்பவில்லை.

முத்தையன்கட்டு விவசாயி

நெடுங்கேணித் தம்பியின் வருத்தம் நியாயமானது. அதை ஒருவரும் கடந்து போகக் கூடாது.

நான் போனது தண்ணீர் பார்க்க. குளத்தோடு வாழ்கிறவன் எங்கே போனாலும் தண்ணீர் எப்படி வந்தது என்றுதான் பார்ப்பான். மேலே பாறைச் சரிவில் நாக பொக்குண என்று ஒரு குளம் இருக்கிறது. பாறையிலேயே ஐந்து தலை நாகம் செதுக்கியிருக்கும். மலையில் விழுகிற மழை அங்கே சேர்ந்து, கல்வாய்க்கால் வழியாகத் தானசாலைக்கும் அதற்குக் கீழே உள்ள சிங்க பொக்குணவுக்கும் வருகிறது. பின்னங்காலில் நிற்கிற சிங்கத்தின் வாயால் தண்ணீர் வரும்படி அமைத்திருக்கிறார்கள். எந்திரம் இல்லை, வாளி இல்லை, தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்கி வருகிறது. எங்கள் குளத்தில் துருசைத் திறந்தால் வாய்க்காலில் ஓடுகிறதே, அதே அறிவுதான், மலை மேலே. அநுராதபுரத்துக் குளங்களைக் கட்டியவர்களின் வழிதான் எங்கள் வன்னிக் குளங்களும். அந்தச் சிங்கத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றேன்.

தங்கச்சி, அடிவாரத்தில் மேற்குப் பக்கம் களுதிய பொக்குண என்று இன்னொரு குளம் காட்டுக்குள் இருக்கிறது. மலையில் உள்ளவற்றில் பெரியது அதுதான். ஏறத் தேவையில்லை, சனம் குறைவு. அம்மாவுக்கு மேலே போக ஏலாவிட்டால் அங்கே இருத்துங்கள், நல்ல நிழல்.

ரொறன்ரோவில் இருந்து

நானும் ஆடியில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறேன், வவுனியாவில் அக்கா வீட்டில் நிற்போம். பொசன் போயாவுக்குப் போனால் விசேஷம் என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதம் முந்தி வந்தால் நல்லதா?

குருமன்காடு

பொசன் என்பது ஆனி மாதப் பூரணை. பௌத்தத்தை இங்கே கொண்டுவந்த மகிந்த தேரர், தேவநம்பிய தீச மன்னனை இந்த மலையில் சந்தித்த நாள் என்று கொண்டாடுகிறார்கள். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு நிகழ்வு. நாடு முழுவதும் இருந்து வெள்ளைச் சட்டையோடு சனம் வரும், வழி நெடுகத் தன்சல் வைத்துச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பது தனி அனுபவம்தான். ஆனால் இடத்தைப் பார்க்க முடியாது, தோளோடு தோள் இடித்துக்கொண்டு படி ஏற வேண்டும். பிள்ளைகளோடு வேண்டாம்.

ஆடியும் லேசில்லை. கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம். விடிய 7 மணிக்கு முந்தியே அடிவாரத்தில் நில்லுங்கள். மேலே செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், 11 மணிக்குப் பிறகு பாறை காலைச் சுட்டுவிடும். தடித்த பருத்திக் காலுறை கொண்டு போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெள்ளை என்றால் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அது அவர்களுக்குப் பெரிய மரியாதைக் குறைவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. குரங்குகள் இருக்கின்றன, சாப்பாட்டுப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள்.

வரலாறு படிப்பிக்கிறவர்

ரொறன்ரோ அண்ணாவுக்கும் பூந்தோட்டம் தங்கச்சிக்கும், பிள்ளைகளுக்குப் போகும் வழியில் சொல்ல இரண்டு கதை தருகிறேன்.

ஒன்று மாமரக் கேள்வி. தீச மன்னன் மானைத் துரத்திக்கொண்டு மலையில் ஏறுகிறான். "தீச" என்று பேர் சொல்லி ஒரு துறவி கூப்பிடுகிறார், அவர்தான் மகிந்த தேரர். அரசனுக்கு விளங்கும் சக்தி எவ்வளவு என்று பார்க்க அவர் கேட்கிறார்: இந்த மரத்தின் பெயர் என்ன? மாமரம். இதைத் தவிர வேறு மாமரம் உண்டா? நிறைய உண்டு. இந்த மாவும் அந்த மாக்களும் தவிர வேறு மரங்கள் உண்டா? நிறைய உண்டு. மற்ற மாமரங்களையும், மாமரம் அல்லாத மரங்களையும் தவிர்த்தால் வேறு மரம் உண்டா? இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேளுங்கள். உடனே சொல்லிக் கொடுக்க வேண்டாம். மேலே அம்பஸ்தலத் தாதுகோபம் நிற்கிற இடம்தான் அந்தச் சந்திப்பு நடந்ததாகச் சொல்லப்படும் இடம். அம்ப என்றால் மா, அந்தப் பேரிலேயே மாமரம் இருக்கிறது.

மற்றது பாகியான் என்ற சீன யாத்திரிகர் எழுதிவைத்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர். இந்த மலையில் 2000 பிக்குகள் இருந்ததாகச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் 40 வருடத்துக்கு மேல் ஒரு கல் அறையில் இருந்தாராம். அவருடைய அன்பினால் பாம்பும் எலியும் ஒரே அறையில் ஒன்றையொன்று துன்புறுத்தாமல் இருந்தனவாம்.

நெடுங்கேணித் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வாதத்துக்காக இல்லை. எங்கள் வவுனியா மாவட்டத்திலேயே பெரியபுளியங்குளத்தில் பிராமி எழுத்தில் குகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, அந்தக் குகையைக் கொடுத்தவன் "தமேட வணிஜ கஹபதி விஸாக" என்கிறது. தமிழ் வணிகன், இல்லறத்தான், விசாகன். கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்து எழுத்து. அநுராதபுரத்திலும் அபயகிரிப் பக்கம் தமிழ் இல்லறத்தார் கட்டிய மேடை ஒன்றின் கல்வெட்டு உண்டு. ஒரு கப்பல் தலைவனுக்கும் அதில் இருக்கை ஒதுக்கிப் பேர் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் துறவிகளுக்குக் குகை கொடுத்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். நான் அந்த மலையில் ஏறும்போது விருந்தாளியாக ஏறுவதில்லை.

நெடுங்கேணி

விசாகன் என்ற பேரை இன்றுதான் கேள்விப்படுகிறேன் சேர். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

பூந்தோட்டத்தாள்

போய் வந்துவிட்டோம். நேற்று. இவ்வளவு உதவி செய்தவர்களுக்கு வடிவாக எழுத வேண்டும் என்று இரவு இருந்து எழுதுகிறேன்.

தெரிந்த ஒருவரின் வானில் விடிய 5.30 மணிக்கு வெளிக்கிட்டோம். பனி. மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அம்மா இறங்கவில்லை, கண்ணாடிக்கு உள்ளே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ரம்பேவ தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மலை தெரிந்தது. அம்மாதான் முதலில் கண்டார்.

சேர் சொன்னபடி மருத்துவமனையில் தொடங்கினோம். காலையில் அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சின்னவன் அந்த மனித வடிவத் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து, "தலை இங்கே, கால் இங்கே" என்று காற்றில் அளந்தான். மகள் அறைகளை எண்ணினாள். அம்மா ஒவ்வொரு வாசலாக நடந்து பார்த்துவிட்டு, "வாட்டுக்கு நல்ல காற்றோட்டம்" என்றார். பெரியாஸ்பத்திரியில் என் அப்பாவோடு எத்தனை நாள் நின்றவர்.

பிறகு வான் மேலே ஏறியது. தானசாலைக்குப் போனோம். அம்மா சோற்றுத் தொட்டியைப் பார்த்தார், கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். அதன் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்குள்ள ஒருநேரக் கஞ்சி ஊத்த எத்தனை கொத்து அரிசி போட்டிருப்பினம்" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு சத்தம் குறைத்து, "ரெண்டு கைப்பிடி அரிசியை அவ்வளவு தண்ணியில விட்டுக் காய்ச்சினோம், ஞாபகம் இருக்கா" என்றார். 2009, சண்டையின் கடைசி நாட்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. வரிசையில் சட்டியோடு நின்றது நான்தான். உப்பும் இல்லாத கஞ்சி. ஒவ்வொரு வைகாசியும் அந்த நாட்களின் நினைவாக அதைக் காய்ச்சிக் கொடுக்கிறோம், ஆனால் அம்மா அதைப் பற்றி வாய் திறந்து கதைத்தது நேற்றுத்தான். பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கதைத்தார். நான் நேரம் பார்க்கவில்லை.

மேலே போகும் படிகளில் அம்மா பாதிக்கும் கொஞ்சம் மேலே ஏறினார். இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். பொல்லு உதவியது. நேர்ஸ் தங்கச்சி, உங்கள் "நல்ல காலை முதலில்" கணக்கைச் சின்னவன் ஒவ்வொரு படிக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் அம்மா "காணும்" என்றார், நிறுத்தினோம். கீழிருந்து வந்த ஒரு வயது போன சிங்களப் பெண்மணி, "அம்மே" என்று சொல்லி, தன் கையில் இருந்த தாமரைப் பூக்களில் ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவுக்குச் சிங்களம் வராது. அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அந்தப் படியிலேயே இருந்தார்கள், நான் பிள்ளைகளோடு மேலே போய்வந்தேன்.

அம்பஸ்தலத்தில் மகள் மாமரக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டாள். வானில் மதவாச்சியில் இருந்து யோசித்துக்கொண்டு வந்தவள், வெறுங்காலோடு அந்தக் கல்தூண்களுக்கு நடுவே நின்று, "இந்த மாமரம்தான் அம்மா மிச்சம்" என்றாள். ஆராதனா கல என்ற பாறைக்குச் சின்னவனை ஏற்றவில்லை, காற்று பலமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் காடும் குளமும். வடக்கே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

இறங்கி வந்தபோது அம்மா தாமரையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி போய்விட்டிருந்தார். மேலே வைக்கக் கொண்டு வந்த பூ அது, கொண்டுபோய் வை என்றார் அம்மா. நான் திரும்ப ஏறி வைத்துவிட்டு வந்தேன்.

புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனதை வானுக்குள் இருந்தே சாப்பிட்டோம், குரங்குக்குப் பயந்து. நாலரைக்கு வீட்டில். அம்மாவுக்கு இன்று முழங்கால் கொஞ்சம் வீக்கம், ஐஸ் வைத்திருக்கிறேன்.

செட்டிகுளம் நேர்ஸ்

வாசித்து முடிக்க நேரம் எடுத்தது அக்கா. ஐஸை நேரே தோலில் வைக்க வேண்டாம், துணியில் சுற்றி 15 நிமிடம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். இரண்டு நாளில் வீக்கம் வடியாவிட்டால், சூடாக இருந்தால், காட்டுங்கள்.

முத்தையன்கட்டு விவசாயி

அம்மாவின் கேள்விக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். தொட்டியின் நீள அகலம் அடுத்த தடவை அளந்துகொண்டு வந்தால் கொத்துக் கணக்கு சொல்லலாம். களுதிய பொக்குண பார்த்தீர்களா?

பூந்தோட்டத்தாள்

இல்லை ஐயா, நேரம் போய்விட்டது. அம்மா இன்னொரு தடவை போக வேண்டும் என்கிறார். அப்போது அளவு நாடாவோடு போகிறேன்.

நெடுங்கேணி

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மிகிந்தலைக்கு நான் இப்போது போக மாட்டேன். எங்கள் மலைக்கு நிம்மதியாகப் போய்க் கும்பிடக் கிடைத்த பிறகு போவேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் வரலாறு சேரிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியபுளியங்குளத்துக் கல்வெட்டை நானே வாசிக்க வேண்டும். பிராமி எழுத்து ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

வரலாறு படிப்பிக்கிறவர்

தம்பி, எழுத்து அட்டவணை ஒன்றை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். பழக இரண்டு கிழமை போதும். காலை வெய்யில் பாறையில் சரிவாக விழும் நேரத்தில் பார்த்தால்தான் வெட்டுத் தெளிவாகத் தெரியும். எழுத்தின் மேல் சோக் பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை வைக்காதீர்கள். இடமிருந்து வலமாக வாசியுங்கள். கூரை முகடு போல இரண்டு கோடு மேலே சேர்ந்து நிற்கிற ஒரு எழுத்தைத் தேடுங்கள். கஹபதி என்ற சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு அடுத்ததாக விசாகனின் பேர் வரும்.